விராலையும் கொக்கு முட்டையையும் யார் சோதிப்பது?

மாட்டுத் தீவனத்தில் கலப்படம் என்றால் உங்களுக்கு என்னென்ன நினைவுக்கு வரும்? மரத்தூள், மண், யூரியா, பூஞ்சாணம் பிடித்த பிண்ணாக்கு. பிளாஸ்டிக் தீப்பிடிக்காமல் இருப்பதற்காகச் சேர்க்கும் ரசாயனம் யாருக்கும் நினைவுக்கு வராது. 1973-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பால் பண்ணையாளர்களுக்கும் அது நினைவுக்கு வரவில்லை. ஏறக்குறைய அந்த மாநிலமே அந்த ரசாயனத்தைப் பாலோடு குடித்தது. இறைச்சியோடும் முட்டையோடும் சாப்பிட்டது.

மிச்சிகனில் செயின்ட் லூயிஸ் என்ற சிற்றூரில், பைன் ஆற்றங்கரையில் ஒரு ரசாயன ஆலை இருந்தது. மிச்சிகன் கெமிக்கல் என்று பெயர். அந்த நிறுவனத்தின் சரக்குகளில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று ‘நியூட்ரிமாஸ்டர்’. கறவை மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மக்னீசியம் ஆக்சைடு. மற்றது ‘ஃபயர்மாஸ்டர்’. பிளாஸ்டிக்கில் கலக்கும் தீத்தடுப்பு ரசாயனம். பாலிபுரோமினேட்டட் பைஃபினைல், சுருக்கமாக பி.பி.பி. வழக்கமாக இரண்டுக்கும் தனித்தனி நிறத்தில் அச்சிட்ட பைகள் உண்டு. அச்சிட்ட பைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது சாதாரணப் பழுப்புக் காகிதப் பையில் பெயரை மட்டும் பொறித்து அனுப்பினார்கள். பத்து, இருபது மூட்டை ஃபயர்மாஸ்டர் தீவன ஆலைக்குப் போய்விட்டது. இறக்கியவருக்கும் தெரியவில்லை, கலந்தவருக்கும் தெரியவில்லை.

ஃபிரெடெரிக் ஹால்பர்ட் என்பவரின் பண்ணையில் சுமார் 400 மாடுகள். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் மாடுகள் தீவனத்தைத் தொட மறுத்தன. பால் மளமளவென்று இறங்கியது. பிறகு முடி கொட்டியது, குளம்பு தாறுமாறாக வளர்ந்தது, கன்றுகள் செத்தன. நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. பராமரிப்பு சரியில்லை என்று விவசாயிகளையே குறை சொன்னார்கள். (நம் ஊரில் மடிநோய் வந்தால் முதலில் கேட்கிற கேள்வியும், தொழுவத்தைக் கழுவினாயா என்பதுதானே!)

ஹால்பர்ட் ரசாயனப் பொறியியல் படித்தவர். தீவனத்தின் மேல் சந்தேகப்பட்டு, அதைத் தனியாகச் சில கன்றுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவை நோயில் விழுந்தன. கைக்காசைப் போட்டு ஆய்வகம் ஆய்வகமாக மாதிரிகளை அனுப்பினார். பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. கன உலோகம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. கடைசியில் அயோவா மாநிலத்தில் உள்ள ஓர் ஆய்வகத்தில், கருவியை வழக்கமான நேரத்தில் நிறுத்தாமல் ஓடவிட்டபோது, பெயர் தெரியாத ஏதோ ஒன்று தாமதமாக வெளியே வந்து வரைபடத்தில் பெரிய மேடுகளாக நின்றது. அது என்னவென்று 1974-ல் சொன்னவர் அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானி ஜார்ஜ் ஃபிரைஸ். அவர் பி.பி.பி.யை முன்பே ஆராய்ந்திருந்ததால் அடையாளம் தெரிந்தது.

அதற்குள் ஏறக்குறைய ஓராண்டு ஓடிவிட்டது. 500-க்கும் மேற்பட்ட பண்ணைகளுக்கு விற்பனைத் தடை. சுமார் 30,000 மாடுகள், 4,500 பன்றிகள், 15 லட்சம் கோழிகள் கொல்லப்பட்டுக் குழிகளில் புதைக்கப்பட்டன. ஏறக்குறைய 50 லட்சம் முட்டைகள் அழிக்கப்பட்டன. இறைச்சிக்கும் பாலுக்கும் இவ்வளவுதான் இருக்கலாம் என்று அரசு ஒரு வரம்பு வைத்தது; முதலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பிறகு அதையும் குறைத்து 0.3 பங்கு. அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே வந்த மந்தைகளின் சொந்தக்காரர்கள் நிலைதான் மிகவும் பரிதாபம். மாடு நோயாளி, தாளில் அது நல்ல மாடு. இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள். நொந்துபோய்த் தம் மாடுகளைத் தாங்களே சுட்டவர்களும் உண்டு.

ஆலை 1978-ல் மூடப்பட்டது. பைன் ஆற்றின் வண்டலைச் சுத்தப்படுத்தும் வேலை அதன் பிறகு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அன்று அந்தப் பாலைக் குடித்தவர்களின் ரத்தத்தையும் அவர்கள் பிள்ளைகளின் உடல்நலத்தையும் எமரி பல்கலைக்கழகம் இன்றும் தொடர்ந்து பதிவு செய்துவருகிறது. அந்த ரசாயனம் இன்னும் அவர்கள் ரத்தத்தில் அகப்படுகிறது.

மூட்டையில் வராமல் வருவது

மிச்சிகனில் நடந்தது விபத்து. அளவு மிக அதிகம் என்பதால் மாடே காட்டிக்கொடுத்தது. நான் உங்களிடம் பேச வந்தது அதைவிட மெதுவாக நடக்கும் ஒன்றைப் பற்றி. பி.பி.பி. நின்றது. அதன் இடத்தில் அதன் பங்காளிகள் வந்தன. பாலிபுரோமினேட்டட் டைஃபினைல் ஈதர் என்ற குடும்பம், இனி பி.பி.டி.இ. என்று சொல்லிக்கொள்வோம். சோபா, மெத்தை, கார் இருக்கையின் நுரைப்பஞ்சு, டி.வி. பெட்டி, கம்ப்யூட்டர் பலகை, திரைச்சீலை, மின்கம்பி உறை என்று முப்பது நாற்பது ஆண்டுகள் உலகம் முழுவதும் இதைச் சேர்த்தார்கள்.

நோக்கம் நல்லதுதான். வீடு பற்றிக்கொண்டால் தப்பி ஓட இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும் என்றார்கள். சிக்கல் வேறு இடத்தில். இந்த ரசாயனம் பிளாஸ்டிக்கோடு வேதியியல் முறையில் பிணைவதில்லை; கலந்து மட்டும் இருக்கிறது. விதைநேர்த்தி செய்த விதையின் மேல் ஒட்டிய பொடியைப்போல, தேயத்தேய உதிரும். வீட்டுத் தூசியாகிறது. துணி துவைத்த தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. குப்பைமேட்டில் எரியும்போது புகையோடு கிளம்புகிறது. சாக்கடையும் மழையும் கடைசியில் அதை ஏரிக்கும் ஆற்றுக்கும் கொண்டுசேர்க்கின்றன.

அங்கே போய் அது தண்ணீரில் கரைந்து நிற்பதில்லை. மோரில் வெண்ணெய் தனியே திரள்வதுபோல, தண்ணீரை விட்டு விலகி வண்டலிலும் உயிர்களின் கொழுப்பிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. வண்டலைத் தின்னும் புழுவில் கொஞ்சம். நூறு புழுவைத் தின்னும் கெண்டைக்குஞ்சில் அதைவிட அதிகம். கெண்டையைப் பிடிக்கும் விராலில் இன்னும் அதிகம். மீனைத் தின்னும் நீர்க்காகத்திலும் கொக்கிலும் உச்சம். அவை தம் உடம்பிலிருந்து அதை வெளியேற்றும் பெரிய வழி ஒன்றுதான்: முட்டையின் மஞ்சள் கரு. பாலூட்டிகளுக்குப் பால். மாட்டுக்கும் அதே வழி, மனிதத் தாய்க்கும் அதே வழி.

என்ன செய்யும் என்று கேட்பீர்கள். இதன் அமைப்பு நம் உடம்பின் தைராய்டு சுரப்புநீரை ஒத்தது. அதனால் அந்தச் சுரப்பியின் வேலையில் குறுக்கிடுகிறது. கனடாவில் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறுகளுக்கு, இயற்கையில் காணப்படும் அளவிலேயே இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். முட்டை ஓடு மெலிந்தது, குஞ்சு பொரிப்பது குறைந்தது, ஆணும் பெண்ணும் ஜோடி சேரும் பழக்கம்கூடத் தடுமாறியது. பறவை அன்று சாகவில்லை. அடுத்த தலைமுறைதான் குறைந்தது. இதை வயலோரத்தில் நின்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

தண்ணீரைச் சோதித்தால் தெரியாது

இங்கிலாந்தில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். 2016 கணக்கின்படி அந்நாட்டு ஆறு, ஏரிகளில் 97 சதவீதம் வேதியியல் தரத்தில் தேர்ச்சி. 2020-ல் வெளியான அடுத்த கணக்கில் தேர்ச்சி பூஜ்யம். ஒன்றுகூடத் தேறவில்லை. நான்கு ஆண்டுகளில் யாரும் ஆற்றில் நஞ்சைக் கொட்டிவிடவில்லை. அளக்கும் முறை மாறியது. பி.பி.டி.இ., பாதரசம் போன்ற சிலவற்றைத் தண்ணீரில் பார்ப்பதை விட்டு மீன் முதலான உயிர்களின் உடலில் பார்க்கத் தொடங்கினார்கள். அவ்வளவுதான். அதே ஆறு, அதே மீன்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. ஐரோப்பா மீனில் பி.பி.டி.இ.க்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.0085 மைக்ரோகிராம். எங்கே மீன் பிடித்தாலும் இதைத் தாண்டும் அளவுக்குச் சிறிய எண். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் தோற்றால் யாருக்குத் தனிவகுப்பு வைப்பது என்று தெரியாது. தேர்ச்சி, தோல்வி என்று முத்திரை குத்துவதைவிட, போன ஆண்டைவிட இந்த ஆண்டு கூடியிருக்கிறதா, மேல்மடையைவிடக் கீழ்மடையில் கூடியிருக்கிறதா என்பதுதான் விவசாயிக்கும் அரசுக்கும் உதவும் தகவல். அதைத் தருவது தொடர் கண்காணிப்பு மட்டும்தான்.

தொடர் கண்காணிப்பு என்றால் எப்படி இருக்கும்? ஸ்வீடனைப் பாருங்கள். 1981-ல் விஸ்கான் என்ற ஆற்றின் மீனில் முதன்முதலாக பி.பி.டி.இ.யைக் கண்டு எழுதினார்கள். கரையில் துணி ஆலைகள். அந்நாட்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1960-களின் கடைசியிலிருந்து பால்டிக் கடலின் கில்லெமாட் என்ற பறவையின் முட்டைகளை எடுத்து உறையவைத்துப் பாதுகாத்துவருகிறது. பிற்பாடு அந்த முட்டைகளை வரிசையாக உடைத்துப் பார்த்தபோது, 1980-களின் நடுப்பகுதிவரை பி.பி.டி.இ. ஏறியதும் பிறகு இறங்கியதும் ஆண்டுவாரியாகத் தெரிந்தது. தாய்ப்பாலையும் அப்படிச் சேர்த்துவைத்திருந்தார்கள். 1972-லிருந்து 1997 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அளவு இரட்டித்திருந்தது. இந்தச் செய்தி வெளியானபோது ஐரோப்பாவில் எழுந்த கூச்சல் சாதாரணமானதல்ல. பி.பி.டி.இ. சரக்குகளில் இரண்டை 2004-ல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது.

அமெரிக்காவும் கனடாவும் பங்குபோட்டுக்கொள்ளும் ஐம்பெரும் ஏரிகளில் இன்னும் சுவையான கதை. அங்கே ஹெரிங் கடற்காகம் என்ற பறவை ஏரிக்கரையிலேயே ஆண்டு முழுவதும் தங்கி, ஏரி மீனையே தின்கிறது. 1970-களில் டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துகளாலும் பி.சி.பி. என்ற மின்மாற்றி எண்ணெயாலும் இவற்றின் முட்டைகள் பாழாயின. கனடா வனவிலங்குத் துறை அன்றிலிருந்து ஆண்டுதோறும் குறிப்பிட்ட கூட்டங்களில் முட்டை எடுத்துச் சோதித்து, மீதியை ஒட்டாவாவில் உறைபெட்டியில் வைத்தது. தீத்தடுப்பானைப் பற்றி அன்று யாரும் நினைக்கவே இல்லை. ஆனால் 2000 வாக்கில் கேள்வி எழுந்தபோது பதில் உறைபெட்டியில் தயாராக இருந்தது. 1981 முதல் 2000 வரையிலான முட்டைகளை எடுத்துப் பார்த்தார்கள். சுமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பி.பி.டி.இ. இரட்டித்திருந்தது. அதே ஏரிகளின் டிரவுட் மீனிலும் ஏறக்குறைய அதே வேகம்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் சேமித்துவைத்திருந்த கடல்நாய்க் கொழுப்பைச் சோதித்தபோது, பத்தாண்டில் சுமார் நூறு மடங்கு கூடியிருந்தது. 2002-ல் அந்த ஆய்வு வந்தது. 2003-ல் கலிபோர்னியா சட்டமன்றம் தடைச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் அந்தச் சரக்கைத் தயாரித்த நிறுவனம் 2004 கடைசியில் உற்பத்தியை நிறுத்தியது. பிறகு அந்த வளைகுடாவின் மட்டியிலும் மீனிலும் நீர்க்காக முட்டையிலும் அளவு குறைந்ததையும் அதே கண்காணிப்புத்தான் காட்டியது. தடை பலித்தது என்று ஊகிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெக்ளோரேன் பிளஸ் என்ற தீத்தடுப்பானை நயாகரா நீர்வீழ்ச்சி ஊரில் 1960-களிலிருந்து தயாரித்தார்கள். அது ஏரியின் வண்டலிலும் மீனிலும் இருக்கிறது என்று இண்டியானா பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஹைட்ஸ் குழு கண்டது 2006-ல். ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் அது ஏறியது 2023-ல். தயாரிப்புக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையில் நாற்பது ஆண்டு, கண்டுபிடிப்புக்கும் தடைக்கும் இடையில் பதினேழு ஆண்டு. இப்போது பாஸ்பேட் வகைத் தீத்தடுப்பான்கள் சந்தையில் பெருகிவிட்டன. இவற்றில் பல கொழுப்பில் அவ்வளவாகத் தங்குவதில்லை. தண்ணீரோடு பயணம் செய்கின்றன. அதாவது, இதற்கு மீனைப் பார்த்தால் போதாது, தண்ணீரையும் பார்க்க வேண்டும். ரசாயனத்துக்கு ஏற்றபடி வலையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை இது.

நம் வரப்புக்கு வருவோம்

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006-ல் ஏற்றது. 2018-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஏழு நீடித்த நஞ்சுகளைத் தடை செய்து விதி வெளியிட்டது. அந்த ஏழில் ஹெக்ஸாபுரோமோபைஃபினைல் உண்டு. மிச்சிகன் மாட்டைக் கொன்ற அதே குடும்பம். பி.பி.டி.இ.யில் நான்கு வகையும், கட்டடத் தெர்மாகோலில் கலக்கும் எச்.பி.சி.டி.யும் உண்டு. அதிகம் புழங்கிய டெக்கா வகை அந்த ஏழில் இல்லை. மின்னணுக் கழிவு விதிகளின்படி புதிய டி.வி., கம்ப்யூட்டர் போன்றவற்றில் பி.பி.டி.இ. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காகிதத்தில் இவையெல்லாம் நல்ல விதிகள். ஆனால் தடை என்பது புதிய சரக்குக்குத்தான். இருபது ஆண்டுக்கு முன் வாங்கிய டி.வி. பெட்டியும் மெத்தையும் இப்போதுதான் குப்பைக்கு வருகின்றன.

குப்பைக்கு வந்தபின் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். செம்புக்காக மின்கம்பியை எரிக்கிறார்கள். நகர ஓரத்துக் குப்பைமேட்டில் மாடுகள் மேய்கின்றன. சென்னையின் பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சதுப்பில்தான் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் இரை தேடுகின்றன. நகரத்துச் சாக்கடை போய்ச் சேரும் ஏரியின் பாசனத்தில் கீரை விளைகிறது.

இரண்டு விஷயம் விவசாயிகளை நேரடியாகத் தொடுகிறது. முதலாவது, சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடு. எருவாகப் போடலாம் என்கிறார்கள்; சத்தும் இருக்கிறது. ஆனால் 2001-ல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில், நிலத்தில் இடுவதற்கு வைத்திருந்த கசட்டை ராபர்ட் ஹேல் குழு சோதித்தபோது, எல்லா மாதிரியிலும் பி.பி.டி.இ. இருந்தது. வீட்டு நுரைப்பஞ்சின் தூசி சாக்கடை வழியாக வயலுக்கு வந்திருந்தது. இரண்டாவது, ஏரி வண்டல். வண்டல் மண் எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது. வரவேற்கத்தக்க திட்டம், நிறையப் பேர் பலன் அடைந்திருக்கிறார்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமாக, மழைநீர் மட்டும் வரும் கண்மாயின் வண்டலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நகரத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் சேரும் ஏரியின் வண்டலை மட்டும், சோதனை இல்லாமல் வண்டி வண்டியாக வயலில் கொட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும். மேலே சொன்ன காரணம்தான்: இந்த ரசாயனம் தண்ணீரை விட்டு வண்டலில்தான் உட்காரும்.

நொய்யல் கரை விவசாயிகளுக்குத் தாமதமாக அளப்பது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. சாய ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011-ல். அங்கேயாவது உப்பை நாக்கு சொன்னது, நுரையையும் நிறத்தையும் கண் சொன்னது. தீத்தடுப்பானுக்கு நிறம், மணம், ருசி எதுவும் இல்லை.

நம் ஆறுகளில் கண்காணிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் மாதாமாதம் தண்ணீர் எடுக்கின்றன. கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி., கோலிபார்ம் கிருமி, நைட்ரேட் என்று வழக்கமான பட்டியல். தேவையான பட்டியல்தான். அந்தத் தண்ணீர்க் குப்பியில் பி.பி.டி.இ.யைத் தேடினாலும் உருப்படியாக எதுவும் தெரியாது என்பதை இங்கிலாந்து காட்டிவிட்டது. மீனும் முட்டையும் வேண்டும். ஆசிய நாடுகளின் கடற்கரை மட்டிகளில் பி.பி.டி.இ.யை அளந்து 2007-ல் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகக் குழு ஓர் ஆய்வு வெளியிட்டது. இந்தியக் கரையின் பச்சை மட்டியும் அதில் உண்டு. கொரியா, ஹாங்காங், சீனா போன்ற இடங்களில்தான் அளவு கூடுதல். நமக்கு ஆறுதல்தான். ஆனால் அந்த மட்டி எடுத்த பிறகு நம் நாட்டில் எத்தனை கோடி கம்ப்யூட்டரும் கைபேசியும் விற்றுக் குப்பையாகியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒருமுறை எடுத்த படத்தை வைத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைக்குச் சட்டை தைக்க முடியாது.

செலவு என்று சொல்லாதீர்கள்

கொக்கு முட்டைக்கெல்லாம் அரசு பணம் ஒதுக்குமா என்று சிலர் சிரிக்கக்கூடும். அடிப்படைக் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2005-06 முதல் மத்திய அரசு நாடு முழுவதும் காய்கறி, பழம், பால், மீன் ஆகியவற்றில் பூச்சிமருந்து எச்சத்தைப் பார்க்கும் திட்டத்தை நடத்துகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அதற்கான ஆய்வகம் இருக்கிறது. பூச்சிமருந்தை அளக்கும் அதே வகை வாயு வண்ணப்பிரிகைக் கருவிதான் பி.பி.டி.இ.யையும் அளக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் தூய மாதிரி, பயிற்சி பெற்ற ஆள், மாசுபடாத தனி அறை இவை கூடுதலாக வேண்டும். ஆய்வகத் தூசியிலேயே இந்த ரசாயனம் இருப்பதால், கவனக்குறைவாகச் செய்தால் மீனில் இல்லாததும் இருப்பதாக வரும். ஆகவே நிதானமாகத் தொடங்கட்டும்.

சோதனையைத் தள்ளிப்போட்டாலும் சேமிப்பைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கருத்து. ஐம்பெரும் ஏரிகளின் பாடம் அதுதான். மாநிலத்தில் பத்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். குப்பைமேட்டை ஒட்டிய ஏரி ஒன்று, துணி ஆலைகள் நிறைந்த ஆறு ஒன்று, மின்னணுத் தொழிற்பேட்டைக்குக் கீழே ஒன்று, ஒப்பிடுவதற்கு எந்தத் தொழிலும் இல்லாத கண்மாய் ஒன்று என்று இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரே பருவத்தில், ஒரே அளவு விரால், கொஞ்சம் வண்டல், அந்த ஊர் நாட்டுக்கோழி முட்டை, அங்கே மேயும் மாட்டுப் பால். நாட்டுக்கோழி நாள் முழுவதும் மண்ணைக் கிளறித் தின்பதால் அதன் முட்டை மண்ணின் கதையைச் சொல்லும்; உலகில் பல இடங்களில் அதைத்தான் மாதிரியாக எடுக்கிறார்கள். காட்டுப்பறவை முட்டையைத் தொட வனவிலங்குச் சட்டம் அனுமதிக்காது, தொடவும் வேண்டாம். பருவம் முடிந்தபின் கூட்டில் பொரியாமல் கிடக்கும் கூமுட்டையை வனத்துறை தன் அனுமதியோடு எடுத்துக் கொடுத்தால் போதும். எல்லாவற்றையும் எண்பது டிகிரி கீழே உறையவைத்து, எங்கே, என்று, யார் எடுத்தது என்று எழுதிவையுங்கள். இன்று பெயர்கூடத் தெரியாத ஒரு ரசாயனத்தைப் பற்றி 2045-ல் ஒருவர் கேட்பார். அவருக்குப் பதில் அங்கே இருக்கும்.

இதைவிடக் கடினமான எதிர்ப்பு விவசாயிகளிடமிருந்தே வரும். முட்டையில், பாலில் ஏதோ இருக்கிறது என்று ஒரு தாள் வெளியே வந்தால் விலை யாருடையது விழும்? எங்களுடையதுதானே? நியாயமான பயம். மிச்சிகனில் அதுதான் நடந்தது. தவறு செய்யாத பண்ணையாளரின் பாலையும் வாங்க ஆளில்லை. அதனால்தான் முதல் காவலாக மீனையும் பறவையையும் வைக்கச் சொல்கிறேன். விராலில் அளவு ஏறினால், கழிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அங்கே அடைக்கலாம். பால் சொசைட்டிவரை அது வருவதற்கு முன் அவகாசம் இருக்கும். கூடவே இரண்டு நிபந்தனை கேளுங்கள். முடிவை முதலில் அந்த ஊர் விவசாயிக்குச் சொல்ல வேண்டும். மாசு அவரால் வரவில்லை என்றால் இழப்பீடு யார் தருவார் என்பது சோதனை தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். வரம்புக்கு ஒரு புள்ளி கீழே நின்ற மிச்சிகன் மந்தைகளை மறக்காதீர்கள்.

அரசு வரும்வரை நாம் செய்யக்கூடியது சில உண்டு. பழைய மெத்தை, சோபாப் பஞ்சு, மின்கம்பி, டி.வி. பெட்டியைத் தோட்டத்தில் எரிக்காதீர்கள். அந்தச் சாம்பலை எருக்குழியில் சேர்க்கவே கூடாது. கிழிந்த நுரைப்பஞ்சைக் கோழிக்கூட்டில் மெத்தையாகப் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நிறுத்திவிடுங்கள், கோழி அதைக் கொத்தித் தின்னும். குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் மாட்டை மேயவிட்டுப் பால் கறக்காதீர்கள். கலப்புத் தீவனமோ தாது உப்போ வாங்கும்போது ஒவ்வொரு லாட்டிலிருந்தும் இரண்டு கைப்பிடி எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, பையிலிருக்கும் லாட் எண்ணையும் தேதியையும் எழுதி ஆறு மாதம் வைத்திருங்கள். சந்தேகப்பட்ட தீவனம் கையில் இருந்ததால்தான் ஹால்பர்ட்டால் அதைக் கன்றுகளுக்குக் கொடுத்துப் பார்க்கவும் ஆய்வகங்களுக்கு அனுப்பவும் முடிந்தது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் உரம், தண்ணீர், காட்டுப்பன்றி பற்றிய மனுக்களோடு இந்த மாதம் இதையும் சேர்த்துக் கொடுங்கள். பெரிய வாசகம் தேவையில்லை. எங்கள் ஏரியில் சேரும் சாக்கடை எங்கிருந்து வருகிறது, அதில் எந்தெந்த ஆலைக் கழிவு கலக்கிறது, இந்த ஏரி மீனிலும் வண்டலிலும் நீடித்த நஞ்சுகளைக் கடைசியாக யார், எப்போது அளந்தார்கள்? மூன்று கேள்வி. எழுத்தில் பதில் வாங்குங்கள்.